கயிறு கட்டிய இடம்

லினாய் தன் ஒரே மகளின் கல்யாணத்துக்குப் போகவில்லை. எங்கள் ஊர் தும்பாங் ஸெராயில் இதைப் பேசாத வாய் கிடையாது. கல்யாணம் ஆற்றின் கீழே பட்டணத்தில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் படகே அனுப்பியிருந்தார்கள். லினாய் இரண்டு சாடி உப்பு மீனையும், தான் பின்னிய பிரம்புப் பாயையும் படகில் ஏற்றினாள். மகளின் உச்சந்தலையில் அரிசி வைத்து வாழ்த்தினாள். படகு வளைவு தாண்டியதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கல்நெஞ்சக்காரி என்றார்கள். புருஷன் போனதிலிருந்து புத்தி பிசகிவிட்டது என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் போகாததற்குக் காரணம் ஒரு கயிறு.

எங்கள் ஊரில் பாதி வீடுகள் ஆற்றின் மேல்தான். பெரிய மரங்களைப் பக்கம் பக்கமாகப் பிணைத்துக் கட்டிய தெப்பம், அதன் மேல் வீடு. தண்ணீர் ஏறினால் வீடும் ஏறும், இறங்கினால் கூடவே இறங்கும். நிலத்தில் வீடு கட்டியவனுக்கு வேலி உண்டு, எல்லைக்கல் உண்டு. எங்களுக்குக் கரையில் ஒரு மரம், மரத்தில் ஒரு கயிறு, அவ்வளவுதான் சொத்து. வழக்கு தீர்க்கும் பெரியவர் டேஹென் இதை விரல் மடக்கிச் சொல்வார்.

"மரத்துல கயிறு இருக்கணும். கயித்துல வீடு இருக்கணும். வீட்டுல ராத்தங்க ஆள் இருக்கணும். மூணும் இருக்கிற வரைக்கும் இடம் உன்னுது."

மூன்றில் ஒன்று குறைந்து பொழுது சாய்ந்துவிட்டால் அது செத்த கயிறு. அதன்பின் யார் வேண்டுமானாலும் அதை அவிழ்த்துப் போட்டுவிட்டுத் தன் கயிற்றைக் கட்டலாம். கட்டும்போது ஆற்றைப் பார்த்து ஒரு பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். சொன்ன பெயருக்கு இடம்.

லினாயின் வீடு நின்ற இடம் ஊரிலேயே நல்ல இடம். ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறைக்குக் கீழ்ப்புறம், கரையில் ஒரு பூமருது மரம். பாறை நீரோட்டத்தைத் தடுத்துவிடும். கோடையில் மற்ற இடங்களில் வீடுகள் சேற்றில் குந்தி, தெப்பம் ஒருபக்கம் சாய்ந்து, நடுக்கட்டை முறியும். லினாய் வீட்டுக்கடியில் அப்போதும் ஆள் மூழ்கும் தண்ணீர் இருக்கும். அவளைக் கல்யாணம் செய்து கூட்டிவந்த அன்று அவள் புருஷன் ஸாவோங் பூமருதில் கயிற்றைக் கட்டித் தன் பெயரைச் சொன்னான். பல வருஷம் கழித்து மேலாற்றில் பொன் அரிக்கப் போனான். திரும்பவில்லை. ஆறு கொண்டுபோனதா, அங்கே ஒருத்தி கொண்டுபோனாளா என்று யாருக்கும் தெரியாது. லினாய் இரண்டுக்கும் சேர்த்தே அழுது முடித்துவிட்டாள்.

அவன் போனபிறகு அவள் ஓர் இரவுகூட வெளியில் தங்கியதில்லை. காய்ச்சல் என்றாலும் அங்கேதான், அறுவடை விருந்து என்றாலும் பொழுது சாயுமுன் படகைத் திருப்பிவிடுவாள். கயிறு நைந்தால் காட்டில் பிரம்பு வெட்டிவந்து, கீறி, ஊறவைத்துத் தானே முறுக்கி மாற்றுவாள். ஸாவோங் முறுக்கிய இழை ஒன்றுகூட அந்தக் கயிற்றில் மிச்சமில்லை. ஆனாலும் ஊரில் அதற்குப் பெயர் ஸாவோங் இடம்தான். "ஸாவோங் இடத்துல ரெண்டு மீன் வாங்கிட்டு வா" என்று சொல்வார்களே தவிர லினாய் இடம் என்று வராது. அவள் ஏதோ புருஷன் சொத்துக்குக் காவல் இருப்பது போல.

அந்த இடத்தின்மேல் கண் வைத்திருந்தவன் வேறு யாருமில்லை, கொழுந்தன் உகான். சற்றுக் கீழே, கரை உள்வாங்கும் ஒரு குடாவில் அவன் வீடு நின்றது. கோடை வந்தால் தரைதட்டும் இடம். ஒருமுறை தெப்பமே முறிந்து போனது. ஆகவே வருஷம் தவறாமல் வருவான். லினாயின் காப்பியைக் குடித்துவிட்டு ஆரம்பிப்பான்.

"அண்ணி, நீங்க ஒத்தை ஆளு. உங்களுக்கு எதுக்கு இவ்வளவு ஆழம்? இந்த வருஷமாச்சும் இடம் மாத்திக்கலாமா?"

"உங்கண்ணன் வந்து சொல்லட்டும், மாத்திக்கிறேன்."

"அவன் எங்க வரப்போறான்?"

"அப்ப நானும் எங்க மாத்தப்போறேன்? குடிச்ச கோப்பையைக் கழுவி வெச்சிட்டுப் போ."

அவன் சிரித்துக்கொண்டே கழுவி வைப்பான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆனால் ஓடுமீன் ஓட உறுமீன் வருமளவும் நிற்கிற கொக்குதான் அவன், அதில் சந்தேகமில்லை. லினாய்க்கும் தெரியும்.

அந்த வருஷம் வெள்ளம் கூடவே மரத்தையும் கொண்டுவந்தது. மேலே எவனோ வெட்டிக் கரையில் அடுக்கிவைத்த மரங்கள். மழை அடுக்கைச் சரித்துவிட, மொத்தமும் ஆற்றில் இறங்கிவிட்டது. மதியச் சோற்றுக்கு லினாய் மரவள்ளிக் கீரையை இடித்துக்கொண்டிருந்தபோது தரை ஒருமுறை குலுங்கியது. வெளியே வந்து பார்த்தாள். பாறையை மூழ்கடித்துக்கொண்டு தண்ணீர் பாய்ந்தது. பாறைக்கும் அவள் தெப்பத்துக்கும் நடுவே மூன்று பெரிய மரங்கள் குறுக்கே சிக்கிக் கிடந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலாவது வந்து முட்டியது. அப்புறம் இன்னொன்று.

கழியை எடுத்துத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. பூமருதுக்குப் போகும் கயிறு விறைத்துப்போய், முறுக்குக்குள் இருந்த தண்ணீர் பிழிந்து சொட்டியது. தெப்பத்தின் அடிக்கட்டைகள் ஒன்றோடொன்று அரைபட்டு முனகின. அடுப்படியில் ஒரு தட்டு தானாக நகர்ந்து விழுந்தது.

கரையில் உகான் ஓடிவந்தான். இடுப்பளவுத் தண்ணீரில் பூமருதைப் பிடித்துக்கொண்டு நின்று கத்தினான்.

"வெட்டுங்க அண்ணி! கயித்தை வெட்டுங்க!"

லினாய்க்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான்.

"நீதானே சொல்லணும் இதை! எத்தனை நாளா காத்திருந்தே?"

"அய்யோ, அதுக்கு இல்லண்ணி! கயிறு தானா அறுந்தா மரம், உங்க வீடு எல்லாம் சேந்து கரையோரமாவே வரும். என் வீட்டு மேல வந்து விழும்!"

"உன் வீட்டை அவுத்து விட்டுட்டுப் போ!"

"எங்க அவுக்கிறது? உள்ள இதாங் இருக்கா. பச்சப்புள்ளை இருக்கு!"

இதாங் அவன் பெண்டாட்டி, லினாயின் ஓரகத்தி. அந்த வாரம்தான் பிள்ளை பெற்றிருந்தாள். லினாய்தான் போய்ப் பிள்ளையை ஏந்தினாள். ஆனால் மழை தொடங்கிய அன்று இதே உகான், "இதாங்கைப் புள்ளையோட மேட்டுல அவங்கம்மா வீட்டுக்கு அனுப்பிடறேன்" என்று சொன்னது லினாய்க்கு மறக்கவில்லை.

"மேட்டுக்கு அனுப்பிட்டேன்னு சொன்னே?"

"அனுப்பறேன்னுதான் சொன்னேன், அவ போகல! கரைக்கு வர்ற பலகைப் பாலம் வேற அடிச்சிட்டுப் போச்சு. படகு கிட்டயே போகமாட்டேங்குது!"

"புளுகாதே உகான்!"

அவன் சொன்னதில் பாதி உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. கயிறு பின்னால் தானாக அறுந்தால் மரக்கூட்டம் கரையை ஒட்டித்தான் போகும். இப்போதே வெட்டி, வீட்டின் பின்பக்கத்தைக் கழியால் நடு ஆற்றுக்குத் தள்ளிவிட்டால், எல்லாம் விலகிப் போய்விடும். அதற்கு வீட்டோடு ஓர் ஆள் போக வேண்டும். அது பரவாயில்லை. ஆனால் அந்தக் குடாவில் இருப்பது வெறும் வீடா, ஆள் இருக்கும் வீடா? அவள் நின்ற இடத்திலிருந்து குடா தெரியாது. நடுவில் கரை வளைந்து மறைத்தது. வெறும் வீட்டுக்காகத் தன் இடத்தை அவன் கையில் கொடுப்பதற்கு அவள் மகளின் கல்யாணத்தை விட்டுக் கொடுக்கவில்லை.

இன்னொரு மரம் வந்து முட்டியது. கயிற்றில் ஓர் இழை பட்டென்று தெறித்தது.

"சத்தியமா சொல்றேன் அண்ணி! உங்க மரத்துல நான் கயிறு கட்டமாட்டேன்! எங்கப்பா எலும்பு மேல சத்தியம்!"

சத்தியத்தை லினாய் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் குடாவை மறைத்த கரை வளைவின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். தாழ்வாக, மழைக்கு அடங்கி, மரங்களின் ஊடே நீலப்புகை ஒன்று ஊர்ந்து வந்தது. ஈர விறகுப் புகை. எங்களில் பிள்ளை பெற்றவள் தொப்புள்கொடி விழும்வரை அடுப்பை விட்டு நகரமாட்டாள், அடுப்பையும் அணையவிடமாட்டாள். வெள்ளம் வந்தாலும் சரி, புருஷன் கெஞ்சினாலும் சரி. இதாங் அப்படிப்பட்டவள்தான். பயந்தாங்கொள்ளி, ஆனால் முறை மாறமாட்டாள். அந்த நேரத்தில் அந்தக் குடாவில் வேறு யார் அடுப்பு எரிக்கப் போகிறார்கள்?

லினாய் உள்ளே போய் வெட்டுக்கத்தியை எடுத்துவந்தாள். முதலில் பின்பக்கத்துச் சின்னக் கயிற்றை வெட்டினாள். கழியைக் கரையில் ஊன்றி, தோளைக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். வீட்டின் பின்பக்கம் மெல்ல விலகி ஆற்றைப் பார்த்துத் திரும்பியது. நீரோட்டம் அதைக் கவ்விக்கொண்டது. உடனே முன்பக்கம் ஓடினாள். பூமருதுக் கயிறு அவள் தொடையளவு பருமன். எத்தனை நாள் உட்கார்ந்து முறுக்கியது. ஒரு கணம் கை எழவில்லை. அப்புறம் ஓங்கி வெட்டினாள். பாதி வெட்டியதும் மிச்சத்தை ஆறே அறுத்துக்கொண்டது.

வீடு ஒரு துள்ளுத் துள்ளிப் புறப்பட்டது. பின்னால் மரங்கள் இடிபோலப் பிரிந்து உருண்டன. லினாய் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் கழியோடு ஓடினாள். வளைவு திரும்பியதும் உகானின் வீடு தெரிந்தது. ஒரு கழி நீளம், அவ்வளவுதான் இடைவெளி. வாசலில் இதாங் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு வாய் பிளந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் அடுப்பு எரிந்தது. கடைசி மரம் ஒன்று திரும்பி உகான் வீட்டுத் தாழ்வாரத்தை உரசிக் கூரையில் பாதியைப் பிய்த்துக்கொண்டு போனது. வீடு நின்றது.

"அக்கா!" என்று இதாங் கத்தியது கேட்டது. அவ்வளவுதான். வளைவு மறைத்துவிட்டது.

ஆறு லினாயையும் வீட்டையும் கீழே இழுத்துப்போய், எதிர்க்கரையில் மூழ்கிக் கிடந்த மரக்கூட்டத்துக்குள் செருகியது. அடுப்படிச் சுவர் ஒன்று போயிருந்தது. கோழிகள் கூரைமேல் ஏறி நின்று அவளைத் திட்டிக்கொண்டிருந்தன. கைக்கெட்டிய மரத்தில் மிச்சக் கயிற்றைச் சுற்றினாள். பிறகுதான் மேலே பார்த்தாள். மேகத்துக்குப் பின்னால் சூரியன் இன்னும் உயரத்தில்தான் இருந்தது. நேரம் இருக்கிறது. படகுகள் வந்தால், எல்லாப் படகும் சேர்ந்து இழுத்தால், பொழுது சாய்வதற்குள் வீட்டை மேலே கொண்டுபோய்விடலாம்.

வந்தது ஒரே ஒரு படகு. அதில் டேஹென் உட்கார்ந்திருந்தார். இயந்திரம் திக்கித் திணற, படகு மரம் மரமாகப் பிடித்துப் பிடித்து வந்து சேர்ந்தது.

"உயிரோட இருக்கியா லினாய்?"

"இருக்கேன் மாமா. மத்தப் படகெல்லாம் எங்க?"

"எந்தப் படகு வீட்டை இழுத்துக்கிட்டு இந்தத் தண்ணியில ஏறும்? நான் வந்ததே பெரும்பாடு. நாளைக்குத் தண்ணி வடியும், இழுத்துக்கலாம்."

"நாளைக்கா? பொழுது சாஞ்சா கயிறு செத்துரும்!"

டேஹென் குனிந்து படகில் புகுந்த தண்ணீரை இறைத்தார்.

"நீங்கதானே மாமா விரலை மடக்கி மடக்கிச் சொல்றவரு? இன்னிக்கு ஒரு நாள் அந்த விரலைக் கொஞ்சம் நிமித்தக் கூடாதா? நான் என்ன ஆசைக்கா வெட்டினேன்?"

"ஊருக்கே தெரியும் நீ எதுக்கு வெட்டினேன்னு. ஆனா உனக்காக இன்னிக்கு மாத்தினா நாளைக்கு எவன் எவனுக்கோ மாத்தணும். அப்புறம் எவன் கயித்துக்கு என்ன மதிப்பு?" கிழவருக்குக் குரல் உடைந்தது. "முறை முறைதாம்மா."

"உங்க முறையை ஆத்துல போட!" லினாய் அழுதாள். அழுகையை மறைக்கவும் இல்லை. "உகான் எங்க?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பூமருதுக்குக் கீழ நிக்கிறான்."

"சும்மாவா நிக்கிறான்?"

"தோள்ல கயிறு இருக்கு."

அவ்வளவு பெரிய சத்தியம், பாதி நாள்கூடத் தாங்கவில்லை. டேஹெனின் படகு போனபிறகு லினாய் தெப்பத்தின் விளிம்பில் உட்கார்ந்து, சூரியன் காட்டுக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசி வெளிச்சம் போனபோது அவள் கையில் ஏதோ கழன்று விழுந்ததுபோல் இருந்தது. ஆனால் உட்கார்ந்து துக்கம் கொண்டாட நேரமில்லை. தண்ணீர் வடிய ஆரம்பித்திருந்தது. கண் அயர்ந்தால் வீடு கிளைகளின்மேல் குந்தி முறிந்துவிடும். இடம்தான் போயிற்று, வீட்டையாவது காப்பாற்ற வேண்டாமா? கழியோடு விடியும்வரை மல்லாடினாள்.

காலையில் படகுகள் வந்தன. ஊரில் இயந்திரம் உள்ளவன் எல்லாம் வந்திருந்தான். கேலியும் கூச்சலுமாகக் கயிறுகளை மாட்டினார்கள். "அத்தை, வீட்டோட ஊர் சுத்தப் போனீங்களாமே, எங்களையும் கூப்பிட்டிருக்கலாம்ல?" என்றான் ஒருவன். லினாய் சிரிக்கவில்லை. படகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"உகான் வரலியா?"

கேலி நின்றது. ஒருவன் இயந்திரத்தைக் குனிந்து பார்த்தான். இன்னொருவன், "அவன் காலையிலேர்ந்து பூமருதுப் பக்கம் வேலையா இருக்கான்" என்றான்.

"என்ன வேலை?"

"போனா தெரியும்."

வழி நெடுக லினாய், எங்கே கட்டுவது என்று யோசித்தாள். ஊரின் கடைசியில் ஓரிடம் காலியாக உண்டு. கோடையில் முழங்கால் தண்ணீர்கூட நிற்காது. இல்லாவிட்டால் வீட்டைப் பிரித்து விறகாக்கிவிட்டு எவர் வீட்டிலாவது ஒண்டிக்கொள்ள வேண்டும். உகான் முகத்தில் விழித்தால் என்ன சொல்வது என்பதை மட்டும் தெளிவாகத் தீர்மானித்து வைத்திருந்தாள். அதை இங்கே எழுத முடியாது.

குடா வந்தது. பாதிக் கூரையோடு உகானின் வீடு அங்கேயே நின்றது. லினாய் எழுந்து நின்றாள். வளைவு விலகியது. பூமருது தெரிந்தது. மரத்தில் கயிறே இல்லை. அவளுடையதும் இல்லை, வேறு யாருடையதும் இல்லை. மரத்துக்குக் கீழே, தண்ணீரில் மார்பளவு நின்றுகொண்டு, உகான் கோடாலியால் மரம் வெட்டிக்கொண்டிருந்தான். பாறைக்கு அருகில் சிக்கி நின்றுவிட்ட பெருமரங்கள். அவை கிடக்கும்வரை அங்கே எந்த வீடும் நுழைய முடியாது. கடைசி மரம் அப்போதுதான் இரண்டாகப் பிளந்து ஆற்றோடு போனது. கரையில் டேஹென் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அவர் காலடியில் லினாயின் அறுந்த கயிறு சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

"செத்த கயிறு மரத்துல இருக்கக் கூடாதில்ல அண்ணி, அவுத்துட்டேன்" என்றான் உகான். கை முழுக்க ரத்தக் கொப்புளம்.

"உன் கயிறு எங்க?"

"வீட்ல."

"நேத்து தோள்ல இருந்துச்சாமே?"

"இருந்துச்சு." அவன் கோடாலியைத் தண்ணீரில் அலசினான். "பொய் சொல்ல மாட்டேன். பொழுது சாயற வரைக்கும் நின்னேன். சாஞ்ச பிறகும் நின்னேன். மரத்தைச் சுத்திக் கூடப் போட்டேன், முடிச்சுதான் போடல. பேரைச் சொல்லணுமே, வாய் வரல."

"இதாங் ஏதாவது சொன்னாளா?"

"சொன்னா. அந்த இடத்துக்கு வீடு நகர்ந்தா அடுப்பைத் தண்ணி ஊத்தி அணைச்சிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருவேன்னா."

"அதான் வாய் வரலியா?"

"அதுவும்தான்" என்றான். படகுகளில் சிரிப்பு எழுந்தது. உகான் சிரிக்கவில்லை. "நீங்க கழியோட எங்க வீட்டைத் தாண்டிப் போனீங்க பாருங்க. அதைக் கரையோட ஓடிவந்து பாத்தேன் அண்ணி. அதுக்கப்புறம் எப்படி அந்தப் பேரைச் சொல்றது?"

தீர்மானித்து வைத்திருந்த வசவு அத்தனையும் ஆற்றோடு போயிற்று. லினாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டேஹென் எழுந்தார். "இடம் யாருக்கும் சொந்தமில்லாம கிடக்கு. புதுசா கட்டுறவங்க கட்டலாம். கயிறு இருக்கா லினாய்?"

இருந்தது. படகுக்காரன் ஒருவனின் கயிற்றை அவிழ்த்து, உள்ளே கிடந்த பிரம்புக் கயிற்றோடு சேர்த்து முடிந்து, சுருட்டி வீசினாள். உகான் பிடித்தான். மரத்தைச் சுற்றி இழுத்து நுனியை அவளிடமே திருப்பிக் கொடுத்தான். முடிச்சைப் போடுபவள் அவள்தானே. அவள் முடிச்சைப் போட்டு, காலை ஊன்றி இறுக்கினாள்.

"பேரைச் சொல்லும்மா" என்றார் டேஹென்.

படகுகள் எல்லாம் இயந்திரத்தை நிறுத்தின. ஸாவோங் என்றுதான் சொல்லப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தோம். நினைத்து என்ன, அதுதானே அந்த இடத்தின் பெயர்.

"லினாய்" என்றாள் அவள், ஆறு முழுக்கக் கேட்கும்படி. பழக்கமில்லாத பெயரைச் சொல்வது போல ஒருமுறை நிறுத்தி, மறுபடியும் சொன்னாள். "லினாய்."

உகான் கரையேறப் போனான்.

"எங்க போறே?"

"கூரை போடணும் அண்ணி. கூரையைத்தான் மரம் பிச்சிட்டுப் போச்சே."

"கோடையில உன் வீடு மறுபடியும் தரைதட்டும். புள்ளையை வெச்சுக்கிட்டுச் சாய்ஞ்ச வீட்டுல எப்படி இருப்பா அவ? தண்ணி வத்தினா இங்க கொண்டுவந்து பக்கத்துல நிறுத்து."

உகான் நின்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு பூமருதைப் பார்த்தான்.

"மரத்தை ஏன் பாக்கிறே?" என்றாள் லினாய். "உன் கயிறு அங்க ஏறக் கூடாது. என் வீட்டுத் தூண்ல கட்டு."